மூக்கன் சொன்னா சுத்தம்

— தாடியை எடுத்தீங்களா, இல்ல கோழி உரிக்கிற மாதிரி உரிச்சு விட்டாங்களா? தாடையில ரத்தம்கூட இன்னும் காயல மாமா.

— சிரிக்காதடா மாப்ள. நீதானே எடுக்கச் சொன்னே. தாடி இருந்தா மாஸ்க் ஒட்டாது, ஓரத்துல தூசி போகும், அது இதுன்னு எல்லாரையும் கூட்டி வெச்சு லெக்சர் அடிச்சே.

— சேஃப்டி கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தது. நான் என்ன சொந்தமாவா கண்டுபிடிச்சேன்?

— காலையில கண்ணாடியைப் பாத்து யார்றா இவன்னு நானே பயந்துட்டேன். அப்படியே எங்கப்பா மூஞ்சி.

— அக்கா என்ன சொன்னா?

— ஒண்ணும் சொல்லல. சமையக்கட்டுல போய் நின்னு சிரிச்சா. எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு.

— சரி, உக்காருங்க. ஹெல்மெட்டை அந்தப் பெஞ்சுல வைங்க. காலைப் பாத்து... ஃபேன் வயர் இருக்கு.

— இந்த இரும்புப் பெட்டிக்குப் பேரு ஆபீஸா? உள்ள வந்ததும் வேகுது.

— கோர்ஸ் முடிச்ச ஆளுக்குக் கம்பெனி குடுத்த மரியாதை.

— சீக்கிரம் முடிச்சு விடு. பேஸ்மெண்ட் பாத்து, சுத்தம்னு சொல்லிட்டு இப்பதான் இங்க வர்றேன். சின்னவன் கட்டர் சிலிண்டரை இறக்கிக்கிட்டிருக்கான். முதல் பைப்பை அறுக்கும்போது நான் பக்கத்துல நிக்கணும்.

— உங்க பையன் என்ன பச்சப் புள்ளயா? அவன் பாட்டுக்கு அறுப்பான்.

— எவ்வளவு வளந்தாலும் பையன் பையன்தான்டா. நெருப்பு அவன் கையில இருக்கு. அது பாய்லர் ரூம். நாம இடிக்கற இந்த ஆஸ்பத்திரி ஓடின காலத்துல ராவும் பகலும் கேஸ் எரிஞ்ச இடம். கேஸ் கம்பெனிக்காரன் வெளிய லைனை வெட்டியாச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான். பைப்புக்குள்ள மிச்சம் மீதி நின்னா அவனா வந்து பாக்கப் போறான்?

— அதான் நீங்க போய் மோந்து பாத்தாச்சே.

— பாத்தாச்சு.

— மூக்கன் சொன்னா சுத்தம். அப்புறம் என்ன?

— ...ம்.

— என்ன ம்? முகமே சரியில்ல.

— ஒண்ணுமில்ல. சின்னவன் இந்த ஆஸ்பத்திரியிலதான் பொறந்தான். போன வாரம் பிரசவ வார்டு சுவத்தைத் தள்ளும்போது அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இங்கதான்டா உங்கம்மா இரும்புக் கட்டில்ல கெடந்துக்கிட்டு என் பரம்பரையையே திட்டினான்னு.

— அவன் என்ன சொன்னான்?

— வழியை விடுப்பா, மேல விழப்போகுதுன்னான்.

— பாத்தீங்களா? ட்ரெய்னிங் வேலை செய்யுது.

— உன் ட்ரெய்னிங்கை நீயே மெச்சிக்கோ. எங்க அந்தப் புது மாஸ்க்? மாட்டிக்கிட்டு ரெண்டு மூச்சு விட்டுட்டுப் போறேன்.

— அவசரப்படாதீங்க, இதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல இந்த ரெண்டு பாட்டில். ஒண்ணுல வெறும் தண்ணி. இன்னொண்ணுல வாழைப்பழ வாசம் வர்ற எண்ணெய் ஒரு சொட்டு. குலுக்கி, மூடியைத் தொறந்து, எதுல வாசம் வருதுன்னு சொல்லணும்.

— டெஸ்ட்டு மாஸ்க்குக்கா, எனக்கா?

— முதல்ல உங்க மூக்குக்கு. அப்புறம் மாஸ்க்கை மாட்டி, தலையில இந்தக் கவரைக் கவுத்து, உள்ள அதே எண்ணெயை நனைச்சுத் தொங்க விடுவேன். வாசம் வந்தா மாஸ்க் ஒழுகுதுன்னு அர்த்தம். மூக்கே இல்லாத ஆளு வாசம் வரலன்னு சொன்னா, மாஸ்க் நல்லா இருக்குன்னு நான் எப்படி நம்பறது?

— என் மூக்கை நீ சோதிக்கற. எல்லாம் நேரம்டா.

— கோவிச்சுக்காதீங்க, எல்லாருக்கும் உள்ளதுதான். சின்னவனுக்கு நேத்துப் பாத்தேன். அந்த மாஸ்க் அவன் மூஞ்சிக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. கவருக்குள்ள தலையை ஆட்டினான், குனிஞ்சான், நிமிந்தான், ஒரு பாட்டு முழுசாப் பாடினான். துளி வாசம் வரல அவனுக்கு.

— பாஸா?

— ஃபர்ஸ்ட் கிளாஸ். இன்னிக்கு அதைப் போட்டுக்கிட்டுத்தான் இறங்குறான். பைப்புல சுத்தியிருக்கே வெள்ளையா ஆஸ்பெஸ்டாஸ் பூச்சு, அதை உடைச்சா வர்ற தூசி நெஞ்சுல போய் உக்காந்தா அப்புறம் எழுந்திரிக்காது மாமா.

— எனக்கே சொல்றியா? கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு அதை உடைச்ச ஆளுங்கடா நாங்க.

— அதனாலதான் அந்த இருமல் இருமறீங்க.

— உங்க அக்கா சொன்னாளா?

— அடுத்த வீட்டுல இருக்கற எனக்குக் கேக்காதா?

— சரி சரி. பாட்டிலைக் குடு.

— முதல்ல இது. குலுக்குங்க... ம். இப்ப இது... பாட்டிலையே பாத்துக்கிட்டிருந்தா எப்படி? நல்லா இழுங்க.

— இழுத்துட்டுத்தானே இருக்கேன்... இது.

— எது?

— இதுதான். கும்முனு வருது.

— மாமா... அது தண்ணி.

— தெரியும்டா. உன்னைச் சீண்டிப் பாத்தேன். அது இல்ல, இது.

— ஒண்ணு தப்புன்னா இன்னொண்ணு சரின்னு என் பொண்ணுகூடச் சொல்லுவா.

— அட, தூசிக்குள்ள இருந்து வந்திருக்கேன்ல? அடைச்சுக்கிட்டிருக்கு. மாத்தி வை, இன்னொரு தடவை பாப்போம்.

— திரும்பிக்கோங்க... ம். இப்பச் சொல்லுங்க.

— ...இது.

— கரெக்ட்டு!

— பாத்தியா? மூக்கன்கிட்டயே உன் வேலையைக் காட்டறியா?

— சரி, ஒத்துக்கறேன். மாஸ்க்கை மாட்டுங்க. அப்படியில்ல, மேல் வாரு தலைக்கு மேல... ஆங். இப்ப கவர். மூச்சு முட்டுதா?

— கல்யாணத்தன்னிக்கு முட்டினதை விடக் கம்மிதான்.

— அக்காகிட்டச் சொல்றேன். எண்ணெயை உள்ள தொங்க விடறேன். மெதுவா மூச்சு விடுங்க. வாசம் வருதா?

— வரல.

— தலையை இந்தப் பக்கம்... அந்தப் பக்கம். வருதா?

— வரல.

— குனிஞ்சு நிமிருங்க. ஏதாவது பேசுங்க.

— என்னத்தப் பேச? உங்க அக்கா நல்லவ, அவ தம்பிதான் உயிரை வாங்கறான்.

— வாசம்?

— வரலடா. பாஸ் போடு. கவரைக் கழட்டு, வேர்த்துக் கொட்டுது.

— கழட்டறேன்... மாமா.

— என்ன?

— கீழ் வாரு மாட்டவே இல்ல. கழுத்துக்குப் பின்னாடி தொங்கிக்கிட்டிருக்கு.

— அதனால என்ன? நல்லாத்தான் ஒட்டியிருந்துச்சு.

— தாடைக்கும் மாஸ்க்குக்கும் நடுவுல என் விரலு போகுது. வெளிய நிக்கற எனக்கே கடையில குலை தொங்கற மாதிரி மணக்குது. உங்களுக்கு வரலையா?

— ...வந்துச்சு. லேசா வந்துச்சு. உனக்கு ஏன் வேலை வைக்கணும்னு சொல்லல.

— அந்த ரெண்டாவது தடவை பாட்டிலு... மூடியைத் தொறக்கறதுக்கு முன்னாடியே உங்க கை அதுக்குப் போச்சு.

— தூரத்துலயே வாசம் வந்துச்சு.

— மூடி ஓரத்துல எண்ணெய் ஈரம் இருந்துச்சு. அதைப் பாத்தீங்களா?

— டேய், போலீஸ்காரன் மாதிரி பேசாத. பாஸ் போட்டு விடு. கீழ பையன் காத்துக்கிட்டிருப்பான்.

— அவன் எதுக்குக் காத்திருக்கணும்? நீங்கதான் சுத்தம்னு சொல்லிட்டீங்களே. சிலிண்டர் இறங்கினா அவன் பாட்டுக்கு ஆரம்பிப்பான்... இன்னும் ஒரே ஒரு தடவை மாமா. எனக்காக. அடுத்த ரூமுக்குப் போய்ப் புதுசாக் கலந்து எடுத்துட்டு வர்றேன்.

— உன்னோட பெரிய ரோதனை. போ, சீக்கிரம் வா.

— ...இந்தாங்க. ரெண்டையும் துடைச்சுட்டேன். நிதானமாப் பாருங்க.

— ...இதுல லேசா வருது. இதுல... ம், இதுலதான் தூக்கலா இருக்கு. இதேதான். நல்லாக் கனிஞ்ச பழம்.

— நல்லாப் பாத்துத்தான் சொல்றீங்களா?

— சத்தியமாடா.

— மாமா... ரெண்டுலயும் தண்ணிதான்.

— விளையாடாதடா.

— ரெண்டையும் கழுவிட்டு, குழாய்த் தண்ணியைப் பிடிச்சுட்டு வந்தேன்.

— ...மாமனுக்கே பொறி வைக்கறியா நீ?

— எப்பலேருந்து?

— சளிடா.

— மாமா. எப்பலேருந்து?

— கதவைச் சாத்து.

— சாத்திட்டேன்.

— அந்தக் காய்ச்சல் வந்துச்சே... எழுந்திரிக்கவே முடியாம கெடந்தேனே. அதுக்கப்புறம். முதல்ல சளின்னுதான் நினைச்சேன். சளி போச்சு, மூக்கு வரல.

— யாருக்குத் தெரியும்?

— உங்க அக்காவுக்கு. அவகிட்ட எதை மறைக்க முடியும்? அடுப்புல பால் தீஞ்சு அடிபிடிச்சு, தெருவுல போறவனுக்கெல்லாம் நாறுது. நான் பக்கத்துல உக்காந்து ஷூவுக்குக் கயிறு கோத்துக்கிட்டிருக்கேன். ஓடி வந்தா. பாலைப் பாத்தா, என்னைப் பாத்தா. தலையில கை வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவ!

— நான்தான் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். உன் தம்பி படிச்சுட்டு வந்திருக்கான், தெரிஞ்சா நாளைக்கே என்னை வெளிய நிறுத்திடுவான்னு.

— நிறுத்தத்தான் வேணும்!

— நிறுத்திட்டு? முட்டி போச்சு. சம்மட்டி தூக்க முடியாது, மேல ஏற முடியாது. இந்த சைட்ல எனக்குன்னு வேற என்ன இருக்கு? நான் படியில இறங்கினா அத்தனை பேரும் பேச்சை நிறுத்திட்டு நிப்பானுங்க. ஏறி வந்து சுத்தம்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், சிரிச்சுக்கிட்டே இறங்குவானுங்க. அதுவும் போச்சுன்னா நான் யாருடா? கேட்டுல கொடி பிடிச்சு லாரிக்கு வழிகாட்டற கிழவன்.

— ...நான் அந்தப் பழைய பேக்கரியை இடிச்சதை இன்னும் மறக்கல. என் வாயில சிகரெட்டு, கையில தீப்பெட்டி. நீங்க வாசல்ல நின்னு, எவனாவது உரசினீங்க, வெட்டிப் போட்டுடுவேன்னு கத்தினீங்க. உள்ள நின்ன ஒருத்தனுக்கும் கேஸ் வாசம் தெரியல.

— அது ஒரு காலம்.

— அன்னிக்கு அந்த மூக்கு இல்லன்னா என் பொண்ணு பொறந்தே இருக்க மாட்டா மாமா.

— இப்ப சோத்தை வாயில போட்டா ஈர மண்ணை மெல்லற மாதிரி இருக்கு. சோப்பு, வேர்வை, மழை... ஒண்ணுமில்ல. உங்க அக்கா பக்கத்துல வந்து உக்காந்தாக்கூட, திரும்பிப் பாத்தாத்தான் தெரியுது. வெக்கத்தை விட்டுச் சொல்றேன்... அழுதிருக்கேன்டா.

— மாமா...

— நீ எதுக்கு அழற? மூக்கைச் சிந்து. உனக்காவது அது இருக்கு.

— டாக்டர் என்ன சொன்னாரு?

— வந்தாலும் வரும், வராமயும் போகும்னாரு. இதைச் சொல்ல எதுக்கு டாக்டருக்குப் படிக்கணும்? நானே சொல்லுவேனே.

— இருங்க... இருங்க மாமா. அப்ப காலையில பேஸ்மெண்ட்டுக்குப் போனது யாரு?

— நான்தான். பாத்துட்டுத்தானே இருந்தே?

— எதை வெச்சு சுத்தம்னு சொன்னீங்க?

— கத்தாத. வெளிய ஆளுங்க இருக்காங்க.

— எதை வெச்சு மாமா! உங்க பையன் கீழ நிக்கறான்! கையில நெருப்போட நிக்கறான்!

— உக்காரு முதல்ல.

— நான் காலையில படியில இறங்கும்போது லேசா ஏதோ வந்துச்சு. கேஸ்ல வர்ற மாதிரி, அழுகின முட்டை வாசம். அதுக்குள்ள நீங்க ஏறி வந்து சுத்தம்னீங்க. மூக்கனுக்கே வரல, எனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு நானும் விட்டுட்டேன்!

— அது சாக்கடைடா. அந்தப் பக்கம் குழி உடைஞ்சு கெடக்கு.

— அவனுக்கும் தெரியாதே! நான்தானே மாஸ்க்கை இழுத்து இறுக்கி மாட்டி விட்டேன். எது வந்தாலும் அவனுக்கு உள்ள வாசமே வராதே!

— டேய். டேய், என்னைப் பாரு. நான் பெத்த புள்ளைய குருட்டாம்போக்குல நெருப்புக்குள்ள அனுப்புவேனா? அப்படியா நினைக்கற என்னை? அவன் இறங்கற குழியில அவனுக்கு முன்னாடி என் காலு படணும். அதுக்காகத்தான்டா இன்னும் இந்த வேலையில தொங்கிக்கிட்டிருக்கேன்.

— அப்ப எப்படிப் பாத்தீங்க?

— சிரிக்க மாட்டேன்னு சொல்லு.

— மாமா!

— மெஷினு.

— ...எந்த மெஷினு?

— உன் அலமாரியில தொங்குதே, அந்த மஞ்ச மெஷினு. கேஸ் இருந்தா கத்துமே, அது. சாவியை நீ எங்க வைப்பேன்னு எனக்குத் தெரியாதா? முதல்ல வர்ற ஆளு நான்தானே. எடுத்துப் பனியனுக்குள்ள மாட்டிக்குவேன். மேல சட்டை, அதுக்கு மேல ஜாக்கெட்டு. கீழ போனதும், ஒருத்தரும் பாக்காத இடத்துல வெளிய எடுத்து மூலை மூலையாக் காட்டுவேன். பச்சை லைட்டு மின்னுதா, கத்தலையா, அப்ப சுத்தம். ஏறி வந்து மூக்கைத் தடவிக்கிட்டு ஒரு சத்தம் குடுக்கறது.

— எத்தனை இடத்துல மாமா?

— காய்ச்சலுக்கப்புறம் பாத்த எல்லா இடமும் அப்படித்தான். இதுல என்ன தப்பு? மூக்குக்குச் சளி பிடிக்கும், மெஷினுக்குப் பிடிக்குமா?

— இன்னிக்கும் அதையா...

— அதையேதான். ஒரு மூலை விடல. முன்னாடியெல்லாம் தொட்டதுக்கெல்லாம் கத்தும், பெயிண்ட் டப்பாவைப் பாத்தாக்கூட ஊரைக் கூட்டும். இப்பல்லாம் சாதுவாயிடுச்சு, ஒரு நாள்கூட வாயைத் தொறக்கறதில்ல... ஏன்டா முகம் இப்படிப் போகுது? கேக்காம எடுத்தேன்னு கோவமா? நீ இங்க வர்றதுக்குள்ளயே திரும்பக் கொண்டு வந்து மாட்டியாச்சு. பாரு, அங்கதான் தொங்குது.

— எழுந்திரிங்க.

— என்ன?

— எழுந்திரிங்க மாமா! ...பேஸ்மெண்ட்! ஹலோ, பேஸ்மெண்ட், கேக்குதா? பத்த வைக்காத! டேய், பத்த வைக்காத!

— அந்த வாக்கி டாக்கி அங்க எடுக்காது. உள்ள போனா கரகரன்னுதான் வரும், உனக்குத் தெரியாதா?

— படிக்கட்டுல யாரு இருக்கா? யாராவது பேசுங்கடா! ...எவனும் எடுக்க மாட்டேங்கறான். ஹாரனை அடிங்க. அந்தச் சிவப்பு ஹாரனு, விடாம அடிங்க!

— அடிக்கறேன்... அடிச்சுட்டேதான் இருக்கேன். அவனுக்கு எப்படிடா கேக்கும்? காதுமூடி போட்டிருப்பானே. அது இல்லாம எவனையும் உள்ள விட மாட்டேன்னு நீதானே சட்டம் போட்டே.

— ஐயோ...

— என்னன்னு சொல்லித் தொலைடா! மெஷின் கத்தலன்னுதான் சொல்றேனே! அதுக்கப்புறமும் என்ன பயம்?

— வாங்க மாமா, ஓடுங்க!

— முட்டிடா... என்னை விடு, நீ முன்னாடி ஓடு. அவனை எப்படியாவது வெளிய இழு, நான் வந்துடறேன். எதுக்கு ஓடறோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாவது போடா!

— அது செத்த மெஷினு மாமா! உள்ள சென்சார் போய் எவ்வளவோ நாளாச்சு. மூஞ்சிக்கு நேரா கேஸைத் தொறந்து விட்டாலும் கத்தாது, பச்சை லைட்டு மட்டும்தான் மின்னும். சோதனைக்கு வர்றவன் கண்ணுல படட்டும்னு தொங்க விட்டிருந்தேன்... மாத்திக் குடுங்கன்னு சண்டை போட்டிருக்கணும், போடல. மெஷின் எதுக்கு, நமக்குத்தான் மூக்கன் இருக்காரேன்னு விட்டுட்டேன் மாமா!